அரை விரல் உயரத்தில் வந்தியத்தேவன்

மின்விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். மேசையில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் சோழ நாடே குட்டிப் பொம்மைகளாகக் காய்ந்துகொண்டிருக்கிறது! அதோ, விளக்குக்கு அடியில் தக்கைப் பிடியின் மேல் நிற்பவர் பெரிய பழுவேட்டரையர். மீசைக்கு இன்னும் ஒரு பூச்சு பாக்கி. பக்கத்தில் தலையில்லாமல் நிற்பது குந்தவை. பதற வேண்டாம், தலை தனியாகப் பத்திரமாக இருக்கிறது. கழுத்தணிகளைத் தீட்டி முடித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். இடது ஓரத்தில் வெறும் சாம்பல் நிறத்தில் வரிசைகட்டி நிற்பவர்கள் இன்னும் யாராகவும் ஆகவில்லை. அவர்களுக்கு உயிர் வரும் வேலையைத்தான் இன்று உங்களுக்குத் திறந்து காட்டப் போகிறேன். இதைவிட இன்பமான வேலை உலகத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாருமே 32 மில்லிமீட்டர் அளவு. உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரை அளப்பது இந்தக் கலையில் பரவலான வழக்கம். கொண்டையும் கிரீடமும் கணக்கில் சேராது. முகம் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்த ஐந்து மில்லிமீட்டருக்குள் நந்தினியின் பழியுணர்ச்சி தெரிய வேண்டும்! தலையையும் கைகளையும் உடம்பின் அளவுக்கு மீறிச் சற்றுப் பெரிதாகச் செதுக்குவார்கள். ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கும்போது முகமும் கையும்தான் ஆளை அடையாளம் காட்டும் என்பதற்காக.

இந்தக் கலை நம்மூரில் பிறந்ததல்ல. பொம்மைப் படைவீரர்களை வைத்து விளையாட எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிநூலே எழுதினார். ஆனால் அந்த வீரர்கள் படையாகத்தான் நின்றார்கள். ஆளுக்கொரு பெயர் இல்லை. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக விளையாடும் ஆட்டம் அது. தன் பாத்திரத்துக்குத் தன் கையால் வண்ணம் தீட்டிய ஒரு பொம்மை வேண்டும் என்ற ஆசை அங்கே பற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் பொம்மைகள் செய்யும் சிட்டடெல் நிறுவனம் எழுந்தது, 1983-ல் வார்ஹேமர் என்ற போர் விளையாட்டு வந்தது, நாட்டிங்ஹாம் நகரம் இந்தக் கலைக்குத் தலைநகர் ஆனது. 1987-லிருந்து ‘கோல்டன் டீமன்’ என்று வண்ணம் தீட்டுவதற்கென்றே ஒரு போட்டி. ஈயமும் தகரமும் கலந்து வார்த்த பொம்மைகள் போய், பிளாஸ்டிக்கும் ரெசினும் வந்துவிட்டன.

இந்த ஆசைக்கு நாவல்களும் தீனி போட்டன. ஆர்.ஏ. சால்வடோர் 1988-ல் ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’ நாவலில் டிரிஸ்ட் என்ற வீரனை அறிமுகப்படுத்தினார். கரிய தோல், வெண்முடி, இளம் ஊதாக் கண்கள், இரண்டு கைகளிலும் வளைந்த வாள்கள். அவனை வாசித்தவர்கள் அந்த ஊதாவை மில்லிமீட்டர் அளவுக் கண்ணுக்குள் வைக்கத் துடித்தார்கள். அவர்கள் தீட்டிய டிரிஸ்டுகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: நம் கல்கியும் வண்ணப் பட்டியலை எழுதி வைத்துவிட்டல்லவா போயிருக்கிறார்!

‘பொன்னியின் செல்வ’னைத் தூரிகை பிடித்த கையோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வேறு புத்தகமாகவே தெரியும். கதைக்காக வாசிக்கும்போது நாம் தாவிப்போகும் வருணனைகளெல்லாம் திடீரென்று உத்தரவுகளாக மாறுகின்றன. நந்தினியையும் குந்தவையையும் கல்கி ஒப்பிட்டுச் சொல்லும் பகுதி இருக்கிறதே, அதை நான் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறேன். ஒருத்தி பொன்னிற மேனி, மற்றவள் செந்தாமரை நிறம். ஒருத்திக்கு வட்ட முகம், மற்றவளுக்குச் சற்றே நீண்ட முகம். ஒருத்திக்கு ஆண்டாள் கொண்டை, மற்றவளுக்கு உச்சியில் எடுத்துக் கட்டிய கொண்டை. 1950 முதல் 1954 வரை கதை தொடராக வந்த காலத்தில் ஓவியர் மணியம் வாராவாரம் வரைந்த படங்கள் அந்தக் கொண்டைகளை நம் மனத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டன. திரைப்படம் பார்த்தவர்களுக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கு மூலநூல்தான் சட்டம், மணியம்தான் சாட்சி.

சரி, தோலுக்கு வருவோம். கடையில் ‘ஃபிளெஷ்’ என்று எழுதி விற்கும் புட்டிகளைத் தொடவே தொடாதீர்கள். அவை வெள்ளைக்காரத் தோலுக்குக் கலந்தவை. நம் ஆட்களுக்குப் பூசினால் முகத்தில் மாவு அப்பியதாகத் தெரியும். செம்பழுப்பும் மஞ்சள் காவியும்தான் அடிப்படை. நிழல் விழும் இடத்துக்குக் கறுப்பைக் கலக்காமல் துளி கருநீலமோ கத்தரிப்பூ நிறமோ கலக்க வேண்டும். வெளிச்சம் படும் கன்னத்துக்கும் மூக்கு நுனிக்கும் வெள்ளைக்குப் பதில் காவியைக் கூட்ட வேண்டும். நந்தினிக்கு மஞ்சள் காவி ஒரு சொட்டு கூடுதல். குந்தவைக்குச் சிவப்பு ஒரு சொட்டு கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதும் பகை தெரிகிறது! அந்த நிமிடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

வண்ணத்தைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று முறை பூச வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் செதுக்கிய மூக்கும் உதடும் மூழ்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் அக்ரிலிக் வண்ணம் தட்டில் ஊற்றிய சில நிமிடத்தில் தோல் கட்டிவிடும் என்பதால் ‘வெட் பேலட்’ இல்லாமல் வேலையே ஓடாது. மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பான்ஜ், அதன் மேல் கேக் சுடும் பேக்கிங் தாள். தாளின் மேல் வண்ணம். கீழிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவை கிடைக்கும்.

தூரிகை விஷயத்தில் எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறான ஒரு ரகசியம். நுண்ணிய வேலைக்கு நுண்ணிய தூரிகை வேண்டாம். மூன்று சுழி போட்ட குட்டித் தூரிகையில் வண்ணம் நிற்காது, பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர்மையான நுனியுள்ள 1-ஆம் எண் தூரிகை போதும். வயிற்றில் வண்ணம் தங்கும், நுனி மட்டும் பேசும். சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் மயிரில் செய்யும் கொலின்ஸ்கி தூரிகைகள் பெயர் பெற்றவை. வின்சர் அண்டு நியூட்டனின் ‘சீரிஸ் 7’ வரிசை 1866-ல் விக்டோரியா மகாராணிக்காக உருவானது. விலை அதிகம்தான். நல்ல நைலான் தூரிகையிலும் அழகாகத் தீட்டலாம்.

இப்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். கண்! சிற்ப மரபில் ஸ்தபதிகள் எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். இங்கே தலைகீழ், பலர் முகத்தில் முதலில் கண்ணைத்தான் முடிக்கிறார்கள். கோடு கொஞ்சம் தாண்டினாலும் தோல் நிறத்தால் மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்துவிடலாம் என்பதுதான் காரணம். முதலில் கண்குழியில் கரும்பழுப்பு. அதன் நடுவே, விளிம்பு தெரிய விட்டு, சற்று மங்கிய வெள்ளை. தூய வெள்ளை வைத்தால் ஆள் விழிப்பதாகத் தெரியும். பிறகு கருவிழி: புள்ளியாக வைக்காமல், மேல் இமையிலிருந்து கீழ் இமை வரை தொடும் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு. இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, மூச்சை விட்ட அந்த இடைவெளியில் ஒரே தொடல். நந்தினிக்கு மட்டும் இரண்டு கருவிழிகளையும் ஓரத்துக்குத் தள்ளினேன். கடைக்கண்ணால் பார்க்கிறாள். ஐயோ, என்ன பார்வை!

ஆடைகளின் நிறத்துக்கு நான் வகுத்துக்கொண்ட விதி கடுமையானது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றின் நிறங்கள் செங்காவி, மஞ்சள் காவி, சுண்ணாம்பு வெள்ளை, கரி, பச்சை மண், அரிதாக நீலம். என் சோழர்களுக்கும் இந்தக் குடும்பத்து நிறங்கள்தான். பளபளக்கும் ரோஜா நிறப் பட்டுக்கு என் மேசையில் அனுமதி இல்லை. நிறங்களைக் குறைத்ததும் நகைகளின் பொன் எப்படி மின்னுகிறது தெரியுமா!

பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் என்று கதை சொல்கிறது. இந்த அளவு மார்பில் அத்தனையையும் தீட்டினால் தோலே மிஞ்சாது. தேர்ந்தெடுத்த சில தழும்புகள் போதும்: மெல்லிய வெளிர்க்கோடு, அதன் கீழே ஒட்டினாற்போல் ஒரு கருங்கோடு. கண் மற்றதைத் தானாக எண்ணிக்கொள்ளும். அவர் பக்கத்தில் பறக்கும் கொடியில் பனைமரம் கைச்சித்திரமாக வர வேண்டும், அச்சு வில்லை ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. அவரோடு வரும் பல்லக்கின் தந்தத்துக்கு மங்கிய வெள்ளை பூசி, இடுக்குகளில் பழுப்பு ‘வாஷ்’ ஓடவிட்டேன். வாஷ் என்பது நீர்த்த கருநிறச் சாயம். பள்ளங்களைத் தேடித் தானே போய்ப் படியும்.

வந்தியத்தேவனை எப்படி நிறுத்துவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை. நெடுந்தூரம் வந்து களைத்த குதிரை மெல்ல நடக்கிறது. களைத்த குதிரை! அந்தச் சொல்லை வாசித்ததும் குதிரையின் கால்களில் முழங்கால் வரை புழுதி ஏறிவிட்டது. காவி நிறத் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி ஏற்றினேன். கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி ஒட்டினேன். மேலே இருப்பவன் மட்டும் நிமிர்ந்து ஏரியைப் பார்க்கிறான். அவன் வேலும் வாளும் துலங்கியபடியே இருக்கும். கல்கி முதல் அத்தியாயத்திலேயே ஆளைக் காட்டிவிட்டார். நான் புழுதியை மட்டும்தான் சேர்த்தேன்.

எல்லாரிலும் என்னைக் கிறங்கடித்தவள் பூங்குழலி. கோடிக்கரைச் சதுப்பில், இரவில், குப் குப்பென்று நெருப்பு எழும் கொள்ளிவாய்ப் பிசாசுகளுக்கு நடுவே நிற்கிறாள். வெளிச்சம் கீழிருந்து வருகிறது! வழக்கமாக நாம் முதலில் முழுதும் கறுப்பு பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, மேலேயிருந்து வெள்ளை அடிப்போம். வெயில் எங்கே விழும் என்று பொம்மையே சொல்லிவிடும். இவளுக்கு அதைக் கவிழ்த்தேன். தாடைக்கு அடியில், மூக்குத் துவாரத்தின் மேல், கையின் உள்பக்கத்தில், சேலை மடிப்பின் கீழ்விளிம்பில் மட்டும் ஒளி. மற்றதெல்லாம் கருநீல இருட்டு. தண்ணீராகக் கரைத்த செம்மஞ்சளைப் படலம் படலமாக ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. சுடர்தான் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருக்க வேண்டும். முகம் அதை மீறினால் ஏமாற்று குலைந்துபோகும். பல இரவுகள் இந்த ஒருத்தியோடு போயின. கடைசிப் படலம் காய்ந்ததும் அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பொம்மை தானே எரிகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு நம்பிவிட்டேன்.

உடல்கள் எங்கிருந்து வந்தன என்கிறீர்களா? நண்பர் ஒருவர் கணினியில் செதுக்கி, ரெசின் பிரின்டரில் அச்சிட்டுத் தருகிறார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் அவருடைய பாத்திரங்களை யாரும் உருவமாக்கலாம் என்பது எவ்வளவு பெரிய பேறு! ரெசின் உறைவதற்கு முன் தோலில் படக் கூடாது, கையுறை கட்டாயம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து இறுக்கிய பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் ஸ்பிரே பிரைமரைத் தவிர்த்துத் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்குங்கள். ஈரக்காற்றில் ஸ்பிரே வெண்பொடி பூத்துவிடும்.

நீங்களும் தொடங்க வேண்டும், அதுதான் என் ஆசை. ஆழ்வார்க்கடியான் நம்பியை முதலில் எடுங்கள். குட்டையான கட்டுமஸ்தான உடம்பு, முன்குடுமி, கையில் தடி, மேனியெங்கும் சந்தனக் கோடுகள். பெரும்பகுதி தோல்தான், தோல் கலக்கப் பழக இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். சந்தனக் கோடு ஒன்று வளைந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். 1-ஆம் எண் தூரிகை ஒன்று, வெள்ளை, கறுப்பு, செங்காவி, மஞ்சள் காவி, செம்பழுப்பு, கருநீலம் என்று ஆறு வண்ணங்கள், மூடியுள்ள ஒரு டப்பா இருந்தால் போதும். முதல் பாகத்தைத் திறந்து, அவரைப் பற்றிய வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நந்தினியை மட்டும் கை நன்றாகப் பழகிய பிறகு தொடுங்கள்.