செவிவழி வளர்ந்த செந்தமிழ்

இலக்கியம் என்றவுடன் ஏடும் அச்சும் நம் நினைவில் எழுகின்றன. ஆயின், இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி கண்ணாற் படிக்கப்பெறுவதற்கு முன் காதாற் கேட்கப்பெற்றதாகும். ஊர்கூடிக் கேட்ட அந்நிகழ்ச்சிகளை நீக்கி நூல்களை மட்டும் ஆராய்ந்தால், நாம் அவற்றின் பாதியையே அறிந்தவர்களாவோம்.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜுறத்து என்னும் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்ட இப்பெருங்காப்பியம், செய்குஅப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரால் 1842ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதற்கு முன்னர் ஏடுகளே இதனைக் காத்தன. ஏடு வைத்திருந்தோர் சிலர், கேட்டவரோ பலர். ஒருவர் விருத்தத்தை இசையோடு பாட, மற்றொருவர் சீர் பிரித்துப் பொருள் விரிப்பார். எழுத்தறியாதாரும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் கம்பீரமான தமிழில் உளங்கொள்ள இவ்வாசிப்பு வழிவகுத்தது. அச்சு நூல் வந்தபின்னும், பொருள் விரிப்பார் ஒருவரின் தேவை மறையவில்லை.

கேட்போரை எண்ணியே பாடப்பெற்றமைக்கு மசலா என்னும் இலக்கிய வகை தக்க சான்றாகும். மசலா என்பது வினா எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் வழிவந்தது. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகிய ஆயிர மசலா, 1572இல் வண்ணப் பரிமளப் புலவரால் மதுரையில் அரங்கேற்றப்பெற்றது. நூறு மசலாவோ, இளவரசி ஒருத்தியின் வினாக்களுக்கெல்லாம் விடைகூறி அவளை மணக்கும் இளைஞனின் கதை. வினா எழுந்ததும் விடை யாதென அவையினர் ஆவலுறுவர். அந்த ஆவலே சமய அறிவைப் புகட்டும் வாயிலாகிறது. கிஸ்ஸா எனப்படும் கதைப்பாடல்களில் சொற்றொடர்கள் மீண்டும் மீண்டும் வருதலும் இவ்வாறே. படிப்போர்க்குக் குறையாகத் தோன்றும் அது, பாடுவோர்க்கு நினைவின் துணை. கேட்போர்க்குக் கதையின் பிடி.

இம்மரபை வீதிக்குக் கொணர்ந்தோர் பக்கீர்கள். தாயிராவைத் தட்டிக்கொண்டு ரமளான் இரவுகளில் வீடுவீடாகப் பாடி, ஸஹருக்கு மக்களை எழுப்பிய பணி அவர்களுடையது. நாகூர் முதலிய ஊர்களின் கந்தூரி நாள்களிலும் அவர்தம் பாடல்கள் ஒலித்தன. கடிகாரமும் ஒலிபெருக்கியும் பெருகியபின், எழுப்புவாரின் தேவை குறைந்தது. தேவை குறையவே பாட்டும் குறைந்தது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா (1925-2015) அவர்களின் குரல் இசைத்தட்டுகளில் பதிவாகி இன்றும் வாழ்கிறது. பதிவு பெறாத பக்கீர்களின் பாடல்களோ பாடியவருடனேயே அடங்கிவிடுகின்றன.

கந்தூரியும் இசையும் மார்க்கத்திற்கு இயைந்தனவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரியோர் ஆலிம் பெருமக்களே. ஆயினும் ஒன்றை நாம் பணிவுடன் கூறலாம். ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வது வேறு. அவ்வழக்கில் விளைந்த தமிழை அறிந்து பதிவு செய்வது வேறு. முன்னதில் மாறுபடுவோரும் பின்னதில் ஒன்றுபடலாம். பாதுகாக்கப்பெறாத பாடலைப் பற்றி ஏற்பதா, மறுப்பதா என்று ஆராயும் வாய்ப்பும் நாளைய தலைமுறைக்கு இராது.

1973இல் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற முதல் அனைத்துலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு, மறைந்திருந்த நூல்கள் பலவற்றின்பால் அறிஞர் பார்வையைத் திருப்பியது. நூல்களுக்குக் கிட்டிய அக்கவனம் குரல்களுக்கும் கிட்ட வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாணவர் கையிலுள்ள கைப்பேசியே போதும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவமணிகள், தத்தம் பாட்டிமார் பாடும் தாலாட்டையும் முனாஜாத்தையும், முதியோர் நினைவிலுள்ள கிஸ்ஸாவையும் அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார், எந்நிகழ்ச்சியில் பாடினார் என்னும் குறிப்புகளையும் உடன் எழுதுதல் இன்றியமையாதது. குறிப்பில்லாப் பதிவு முகவரியில்லா மடல் போன்றது. பரணிலுள்ள அறபுத்தமிழ்க் கையேடுகளைப் பழந்தாள் எனக் கழிக்காது, அவ்வெழுத்தறிந்த பெரியோரிடம் காட்டுதலும் நம் கடனாகும்.

ஏடு காத்திருக்கும், குரல் காத்திராது. முதியோர் பாட, இளையோர் கேட்க, தமிழ்த்துறைகள் தொகுக்க, இச்செல்வம் நிலைபெறுவதாக.