அரிவாள் செல் நோயும் ஓயாத அழற்சியும்

நீலகிரி மலைவாழ் மக்கள் சிலரின் செங்குருதி அணுக்கள், பிராணவாயு குறையுங்கால் அரிவாள் போல் வளைவதை 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் வெளியிட்டனர். இந்நாட்டில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கங்களுள் அது ஒன்றாகும். பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறையைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். இருவரிடமிருந்தும் பெற்றவரே நோயுறுவர்.

வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதே நோய் எனப் பலர் கருதுவர். அது பாதி உண்மையே. நலமுள்ளவரின் செவ்வணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். நோயாளியின் அணுவோ பெரும்பாலும் 10 முதல் 20 நாட்களில் சிதைகிறது. அப்போது வெளிப்படும் ஹீம் என்னும் இரும்புக் கூட்டுப்பொருள் குழாயின் உட்சுவரையும் வெள்ளணுக்களையும் தூண்டுகிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ள, அவற்றின்மீது செவ்வணுக்கள் சிக்குகின்றன. இவ்வாறு அடைப்பு அழற்சியையும், அழற்சி அடைப்பையும் வளர்க்கின்றன.

ஆகவேதான் வலியோ காய்ச்சலோ இல்லாத நாட்களிலும் வெள்ளணு எண்ணிக்கை, சி-ரியாக்டிவ் புரதம், இன்டர்லூகின்-6 முதலிய அழற்சிக் குறிகள் நோயாளிகள் பலரிடம் மிகுந்துள்ளன. வெள்ளணு மிகுந்தோர்க்கு அகால மரண அபாயம் கூடுதல் என 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. 1995இல் பயன் நிறுவப்பெற்ற ஹைட்ராக்ஸியூரியா மருந்து, கருநிலை ஹீமோகுளோபினைப் பெருக்குவதோடு வெள்ளணுக்களையும் குறைக்கிறது.

ஆயின், வெள்ளணு மிகுதி எதிர்ப்பாற்றல் மிகுதி ஆகாது. கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் இந்நோயில் இளமையிலேயே பழுதுறுகிறது. இந்திய நோயாளிகள் சிலரிடம் அது வீங்கிப் பெரிதாய் இருப்பினும் அதன் தொழில் குன்றியிருக்கலாம். நிமோகாக்கஸ் கிருமி அக்குழந்தைகளைச் சில மணி நேரத்தில் மாய்க்கவல்லது. நாள்தோறும் பெனிசிலின் அளித்தால் சிறு குழந்தைகளிடம் இத்தொற்று 84 சதவீதம் குறையும் என 1986இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. தடுப்பூசியும் இன்றியமையாதது.

இவற்றிலிருந்து களப்பணியாளர் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, நோயாளி நலமாயிருக்கும் நாளின் வெள்ளணு எண்ணிக்கையை அவரது அட்டையில் குறித்தல் வேண்டும். பின்னர் வரும் எண்ணிக்கையை அதனோடு ஒப்பிட்டாலன்றி அதன் பொருள் விளங்காது. இரண்டாவது, காய்ச்சல் கண்டால் “இவருக்கு எப்போதும் எண்ணிக்கை மிகுதிதானே” என்றிராது, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் தொடங்கப்பெற்ற தேசிய இயக்கம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடி பேரைப் பரிசோதிக்கும் இலக்கைக் கொண்டது. பரிசோதனை நோயை அறிவிக்கும். அதன்பின் குழந்தையின் நாட்களைக் காப்பவர், வகுப்பில் தண்ணீர் அருந்தவும் இளைப்பாறவும் இடங்கொடுத்து, காய்ச்சலை உடனே கவனிக்கும் ஆசிரியரும் ஊழியருமே ஆவர்.