பிள்ளைகளின் சில்லுகளுக்கும் ஒரு துண்டு நிலம்

மொறகஹகந்த, களுகங்கைத் திட்டங்களுக்காக ஊரை விட்டவர்களானாலும் சரி, யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தவர்களானாலும் சரி, மீள்குடியேற்றத்தின்போது கிடைக்கும் வரைபடத்தில் வீட்டுக்காணி, வயல், கிணறு, பாதை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கென ஒரு மூலையில் மைதானம் உண்டு. அதுவும் பெரிய இளைஞர்களின் கிரிக்கெட்டுக்கே போய்விடும். சைக்கிள் பழகும் பத்து வயதுப் பிள்ளைக்கு வீதிதான் மிச்சம். பல்லேபொலப் பக்கத்து வீதிகளில் பஸ்களும் லொறிகளும் வரும் வேகத்தை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சில்லுப் பூட்டிய சறுக்குப்பலகைக்கும், 20 அங்குலச் சில்லுள்ள பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கும் தனி விளையாட்டிடங்கள் பல நாடுகளில் உள்ளன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. "அது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, சுவாமி" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஜன்வார் கிராமத்தைக் காட்டலாம்.

ஜன்வார் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், பன்னா மாவட்டத்தில் உள்ளது. ஆதிவாசிக் குடும்பங்களும் யாதவ் சாதியினரும் ஒரே ஊரில் இருந்தும் கலக்காமல் வாழ்ந்தார்கள். 2015இல் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்ற ஜேர்மானியப் பெண்மணியின் முயற்சியால் அங்கே 450 சதுர மீற்றர் அளவில், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 18 பேர்ச்சில், ஒரு கொங்கிறீட் சறுக்குத்தளம் எழுந்தது. விதிகள் இரண்டு: பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். பலகைகள் பொதுவானவை என்பதால் ஒரு சாதிப் பிள்ளை மறு சாதிப் பிள்ளையிடம் கேட்டு வாங்கியே ஓடவேண்டும். அங்கு பழகிய ஆஷா கோண்ட் என்ற ஆதிவாசிப் பெண் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் பங்குபற்றினார். ஆனாலும் அந்தப் பலகையைக் கைமாற்றியதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். முன்பே இருந்த குடிகளும் புதிதாக வந்தவர்களும் ஒரே கிணற்றடியில் முகம் திருப்பிக்கொள்ளும் இடங்களில் இதன் பெறுமதி விளங்கும்.

கொங்கிறீட் செலவானது. அதில் பிழை விட்டால் திருத்துவதும் கடினம். சறுக்குப்பலகையின் சில்லு சிறியது. ஒரு சின்னக் கல்லோ வெடிப்போ போதும், பிள்ளை குப்புற விழும். ஆகவே தளம் வழுவழுப்பாக இருக்கவேண்டும், ஊற்றிய பின் குறைந்தது 7 நாட்களாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். இதற்கு அனுபவமுள்ள மேசன் இல்லாமல் இறங்கவேண்டாம்.

மண்ணில் சைக்கிள் பாதை அமைப்பதானால் கதை வேறு. குளக்கட்டும் வயல் வரம்பும் கட்டிய கைகளுக்கு அது புதிய வேலையல்ல. வேரும் கல்லும் நீக்கிய களிப்பான மண்ணை, ஈரப்பதத்தோடு, படைபடையாகப் போட்டு இடித்து இறுக்கவேண்டும். 30 சென்ரிமீற்றர் உயரமான மேடுகளை ஏறக்குறைய 3 மீற்றருக்கு ஒன்றாக அமைத்து, திருப்பங்களில் வெளிப்பக்கத்தை உயர்த்தினால், பிள்ளைகள் மிதிக்காமலே உடலை ஏற்றி இறக்கிச் சுற்றிவரலாம். மேட்டில் ஏறும்போது உடலை இலேசாக்கி, இறங்கும்போது அழுத்துவதே அதன் சூட்சுமம். வீட்டிலுள்ள பழைய சைக்கிளும் இதற்குப் போதும். தலைக்கவசம் மட்டும் கட்டாயம். கிராம அபிவிருத்திச் சங்கம் நான்கைந்து வாங்கிப் பொதுவில் வைக்கலாம்.

மண்வெட்டி எடுக்கும் முன் காணி யாருடையது என்று பாருங்கள். அரச காணியானால் பிரதேச செயலகத்தின் அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். பிரதேச சபையின் மைதானமானால் சபையின் கடிதம் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் காணியை இழந்தவர்கள் நம்மிடையே பலர். உரிமை தீராத இடத்தில் ஒரு மூடை சீமெந்தும் கொட்டவேண்டாம். மண் பாதையென்றால் இழப்பு சில நாள் சிரமதானத்தோடு போகும்.

இடம் வீடுகளிலிருந்து தெரியவேண்டும். தாய்மாரின் கண்ணுக்கெட்டாத மூலைக்குப் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள். எங்கே மேடு, எங்கே நிழல், எந்த நேரம் யாருக்கு என்பதைப் பிள்ளைகளையே மண்ணில் கீறச் சொல்லுங்கள். பெரியவர்கள் வடிகாலைப் பார்த்தால் போதும். வடகீழ்ப் பருவமழைக்கு முன் வேலையை முடித்து, முதல் மழையன்று போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து, அங்கே ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். ஈரம் காயும்வரை சைக்கிள் விடக்கூடாது. சில்லுத் தடம் பதிந்தால் மறுபடி இடிக்கவேண்டிவரும்.