அஞ்சடியில் தொடங்கிய பல்கலைக்கழகம்

சிங்கப்பூர் தேக்காவில் மழைக்கு ஒதுங்க யாரும் இடம் தேடி ஓடுவதில்லை. பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை என்று எந்தக் கடையின் முன்னாலும் கூரை போட்ட நடைபாதை ஒன்று உண்டு. அதைத்தான் நம்மவர்கள் ‘அஞ்சடி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். சென்ற பள்ளி விடுமுறையில் அப்படி ஓர் அஞ்சடியில் மழைக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தார்.

அக்கா குளுவாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை. மகள் எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். இருவரும் துணி எடுக்க வந்திருந்தார்கள்.

“இவளுக்கு நீயாவது புத்தி சொல்லு தம்பி. டீச்சருக்குப் படின்னா மாட்டேங்கிறா, நர்ஸுக்குப் படின்னா மாட்டேங்கிறா. வீடு கட்டுறதுக்குப் படிக்கணுமாம். அஞ்சாறு வருஷப் படிப்பாம்! உங்க அத்தான் நாலு பேரை வச்சுக்கிட்டு மூணு மாசத்துல நம்ம வீட்டைக் கட்டலையா? அவர் எந்தக் காலேஜுக்குப் போனாரு?”

மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அறிவுரை சொல்லத் தெரியாதவன் வேறென்ன செய்வான்? இருவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். சிங்கப்பூரின் கல்லூரிக் கட்டடங்களைக் காட்டினேன். கல்லூரிக்கு அனுப்பும் வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டியவர் யார், வரைந்தவர் யார்?

அக்கா சொன்னதில் ஒரு பாதி உண்மை உண்டு. இந்த ஊரைக் கட்டியதில் நம்மவர் கை நிறையவே இருக்கிறது. 1819இல் ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர்தான் இங்கே முதன்முதலில் செங்கற்சூளை போட்டு, கட்டட ஒப்பந்தம் எடுத்தவர். மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவரும் அவரே. அவருக்குப் பிறகு, 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறைக்கைதிகள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சுவர் எழுப்பினார்கள். அவர்கள் வேலை செய்த அரசாங்கச் செங்கற்சூளை இதே சிராங்கூன் சாலைப் பகுதியில்தான் இருந்தது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவரை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய்மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த ‘மதராஸ் சுண்ணாம்பு’ பூசி வழவழப்பாக்கிய வேலை அது. பூசியவர்கள் கைதிகள்.

“பாத்தியா? அவங்கல்லாம் படிச்சாங்களா?” என்றார் அக்கா வெற்றியோடு.

“படம் வரைஞ்சது யாரு மாமா?” என்று கேட்டாள் மகள்.

வரைந்தவர் கர்னல் மெக்ஃபர்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி.

“அதுக்குத்தாம்மா நான் படிக்கணும்கிறேன்.”

மழை விட்டிருந்தது. நடந்தோம்.

ஐந்தடி அகலத்து அறிவு

அஞ்சடிக்கும் ஒரு கதை உண்டு. 1822இல் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்திருக்கும் கூரைபோட்ட நடை இருக்க வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து போக வேண்டும் என்று ராஃபிள்ஸ் எழுதிவைத்தார். வீட்டுக்காரனின் கூரை, ஆனால் போவோர் வருவோர் எல்லாருக்கும் வழி! வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் நம் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பிறகு வந்த கல்லூரிக் கட்டடங்களைப் பார்க்கும்போது இந்த அஞ்சடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் மெக்நாலி தெருவில் லசால் கலைக்கல்லூரி நிற்கிறது. அயர்லாந்தில் பிறந்த துறவி ஜோசப் மெக்நாலி 1984இல் தொடங்கிய கல்லூரி இது. இந்தக் கட்டடத்துக்கு வந்தது 2007இல். வெளியிலிருந்து பார்த்தால் கருகருவென்று பாறைபோல் இருக்கிறது. “என்னடா இது, எரிஞ்சுபோன ஃபேக்டரி மாதிரி!” என்றார் அக்கா. உள்ளே நாலடி வைத்ததும் வாயடைத்துப்போனார். ஆறு கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. உட்பக்கச் சுவரெல்லாம் கோணல்மாணலாக வெட்டிய கண்ணாடி. மலை இடுக்கில் நடப்பதுபோல் ஒரு வழி. தலைக்கு மேலே வெளிச்சம் விடும் கூரைத்துணி. சுற்றுமதில் கிடையாது, காய்கறிப் பையோடு வந்த எங்களையும் யாரும் தடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் நடனம் பழகுவது தெரிகிறது.

“இவ்வளவு கண்ணாடியையும் யாரு தொடைப்பா?” என்று கேட்டார் அக்கா. பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிறவரின் கேள்வி! கட்டட நிபுணர்கள் பலருக்கு வராத கேள்வியும்கூட.

சதுர முற்றம்

அங்கிருந்து ரயிலேறிப் பூமலைப் பக்கம் இறங்கினோம். புக்கிட் தீமாவில் இருக்கிறது பழைய ராஃபிள்ஸ் கல்லூரி. சிங்கப்பூர் தோன்றிய நூறாவது ஆண்டின் நினைவாக 1919இல் திட்டமிட்டு, 1928இல் மாணவர்களைச் சேர்த்து, 1929இல் முறைப்படி திறந்தார்கள். வரைந்தவர்கள் சிரில் ஃபேரி, கிரஹாம் டாபார்ன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வரைபடம் அது.

சீமைக் கல்லூரிகளின் சாயல்தான். நடுவே புல்தரை, சுற்றிலும் கட்டடம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வகுப்பறைகளுக்கு வெளியே தூண் வைத்த நீண்ட தாழ்வாரம் நான்கு பக்கமும் ஓடுகிறது. கூரை உயரம், சன்னல் பெரிது, காற்று குறுக்கே போய்வரும். சீமைக்காரனும் நம் ஊர் வெயிலிடம் பாடம் படித்திருக்கிறான் என்று தெரிகிறது. லீ குவான் இயூவும் நம் துன் அப்துல் ரசாக்கும் இந்தக் கல்லூரி மாணவர்கள்தாம். 2009இல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் நம் தோட்டத்து மக்கள் அறியவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, தமிழுக்கா, சமஸ்கிருதத்துக்கா முதலிடம் என்று பெரிய வாதம் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். 1956இல் தமிழுக்கு இடம் தந்து துறை பிறந்தது. 1959இல் கோலாலம்பூருக்குப் போனது. அந்தப் பணம் தூணாகவோ கூரையாகவோ கண்ணுக்குத் தெரியாது; நூலகத்துப் புத்தகமாகப் போய்விட்டது.

“எங்க அப்பாவும் குடுத்திருப்பாரு,” என்றார் அக்கா. கொடுத்தாரோ இல்லையோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மலைமேல் ஓர் ஊர்

புக்கிட் தீமாவில் இடம் போதாமல் போகவே, கெண்ட் ரிட்ஜ் மலைமுகட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். திட்டம் போட ஹாலந்து நாட்டு நகர அமைப்பாளர் வான் எம்ப்டன் வந்தார். 1970களில் வேலை நடந்தது. அவர் மலையை வெட்டிச் சமப்படுத்த நினைக்கவில்லை. மேட்டிலும் சரிவிலும் உயரம் குறைந்த கட்டடங்களைப் படி வைத்தாற்போல் உட்கார வைத்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூரை போட்ட நடைவழி. எந்த மழையிலும் குடையில்லாமல் நெடுந்தூரம் போகலாம். அஞ்சடி மலையேறிவிட்டது, அவ்வளவுதான்!

இதில் ஒரு வேடிக்கை. தரைதானே என்று நாம் நுழைகிற இடம் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது நான்காவது மாடியாக இருக்கும். நாங்கள் இரண்டு முறை வழி தவறினோம். புது மாணவர்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

மகள் பார்க்கத் துடித்தது வேறொன்று. கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிற கட்டடம் அது, 2019இல் திறந்தது. ஆறு மாடி. ஓராண்டில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் கூரையிலேயே சூரிய ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கூரைமேல் ஆயிரத்து இருநூறுக்கு மேல் சூரியத் தகடுகள். அந்தக் கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டு நிழல் கொடுக்கிறது. பாதிக்கு மேற்பட்ட இடத்தில் இயற்கைக் காற்றுதான். குளிர்சாதனம் உள்ள அறைகளிலும் நடுங்க நடுங்கக் குளிர் வைப்பதில்லை. கொஞ்சமாகக் குளிர்வித்துவிட்டு, மேலே மின்விசிறியைச் சுழல விடுகிறார்கள். உடம்புக்கு அது போதும், மின்சாரச் செலவும் இறங்கும்.

“இதுதானா? நம்ம லயத்து வீட்டு வாசல்ல தகரத்தை நீட்டிவிட்டு உக்காந்திருப்போமே!”

அக்கா சொன்னதற்கு மகள் சிரிக்கவில்லை. “ஆமாம்மா. எவ்வளவு நீட்டினா எத்தனை மணி வெயில் உள்ள வராதுன்னு கணக்குப் போடுறாங்க. அதுதான் படிப்பு,” என்றாள். நான் இரண்டு நாளாகச் சொல்ல முயன்றதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ரப்பர் பணத்தில் எழுந்த கூரை

மறுநாள் தீவின் மேற்குக் கோடிக்குப் போனோம். இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கும் இடம். அதன் பழைய கதை, பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு நெருக்கமானது. 1953இல் ரப்பர் வணிகர் தான் லார்க் சை, சீனமொழியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று குரல் கொடுத்து 50 லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியென் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. பிறகு ஏழைகள் வந்தார்கள். திரிஷா மிதிப்பவர்கள் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தார்கள். கடலை விற்றவர்களும் முடிதிருத்துபவர்களும் பால்மரத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1956இல் வகுப்பு தொடங்கி 1958இல் முறைப்படி திறந்தது. 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு அந்தப் பெயர் மறைந்தது. கட்டடம் மறையவில்லை. ஹோ பெங் ஹோங் வரைந்த நிர்வாகக் கட்டடம், சீன அரண்மனைக் கூரையோடு இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. உடல் சிமெண்ட், தலை பச்சை ஓடு. பழைய நுழைவாயில் வளைவு மட்டும் இப்போது வளாகத்துக்கு வெளியே, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. நிலம் சுருங்கிவிட்டதே காரணம்.

1980களில் ஜப்பானியர் கென்ஸோ தாங்கே இங்கே புதிய வளாகத்துக்குத் திட்டம் வரைந்தார். அதற்கும் பிறகு வந்ததுதான் பலரும் படமெடுத்துக்கொள்ளும் ‘ஹைவ்’ கட்டடம். ஆங்கிலேயர் தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தது, 2015இல் திறந்தது. எட்டு மாடியில் 12 கோபுரங்கள், அடியில் சிறுத்து மேலே போகப் போக அகன்று நிற்கின்றன. சீனர்கள் ‘திம்சம்’ அவிக்கும் கூடைகளை அடுக்கியதுபோல் இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு நம் இட்லிப் பானைதான் ஞாபகம் வந்தது! உள்ளே 56 வகுப்பறைகள். ஒன்றுக்கும் மூலை கிடையாது. ஆசிரியர் நிற்கும் முன்பக்கம், மாணவர் ஒளியும் பின்பக்கம் என்ற பேதமும் இல்லை. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டியதுதான். கடைசிப் பெஞ்சிலேயே ஆறாண்டு கழித்த நான் இங்கே என்ன ஆகியிருப்பேனோ! கோபுரங்களுக்கு நடுவே திறந்த வெளி, காற்று தாராளமாக வருகிறது.

அக்கா ஓர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மூலை இல்லேன்னா நல்லதுதான். தூசி அடையாது,” என்று தீர்ப்புச் சொன்னார்.

அருகில் ‘காயா’ என்ற ஆறு மாடி மரக்கட்டடம். ஜப்பானியர் தோயோ இட்டோ வடிவமைப்பு, 2023இல் திறந்தார்கள். பலகைகளை அடுக்கி, பசை போட்டு அழுத்தி, தூணும் உத்தரமுமாக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். இங்கும் வெளிப்பக்கம் முழுக்க நடை, நிழலும் காற்றும். மரத்தைத் தட்டிப் பார்த்த அக்கா, கரையான் வராதா என்று மூன்று தடவை கேட்டார். அதற்கெல்லாம் மருந்தும் பராமரிப்பும் உண்டு என்று மகள் விளக்கினாள். அக்கா நம்பியதாகத் தெரியவில்லை. தோட்டத்தில் எத்தனை வீட்டுக் கதவைக் கரையான் தின்னப் பார்த்தவர்!

அன்று மாலை குவீன் தெருவில் ஜோகூர் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, “ஸ்கூடாய் யுனிவர்சிட்டியில இந்தப் படிப்பு இருக்காமே, வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார், மகளை அல்ல, என்னை.

போன மாதம் மகள் தொலைபேசியில் பேசினாள். முதல் விருப்பமாகக் கட்டடக்கலையே போட்டிருக்கிறாளாம். நேர்முகத் தேர்வுக்குத் தான் வரைந்த படங்களைக் கொண்டுபோக வேண்டுமாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தாழ்வாரத்தை வரைந்திருக்கிறாள். மழைச்சாரல் எதுவரை வருகிறது என்று அடிக்கோல் வைத்து அளந்து சொன்னது அவள் அம்மாவாம்.