பரணில் கிடக்கும் பிளாப்பி பேசுமா?

திண்டிவனத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

பொங்கல் வருகிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். பரணில் இருப்பதை எல்லாம் கீழே இறக்குகிறார்கள்.

உடைந்த மின்விசிறி வருகிறது. பித்தளைக் குடம் வருகிறது. கடைசியாக ஒரு சின்ன அட்டைப் பெட்டி வருகிறது. அதற்குள் கறுப்புச் சதுரத் தகடுகள்!

"ஆயா! இது என்ன?" என்று பேத்தி கேட்கிறாள்.

"அது உன் தாத்தா எழுதினது. விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டர் கடையிலே அடித்து வாங்கி வந்தார்."

"இதிலே ஓர் எழுத்துகூட இல்லையே, ஆயா!"

பேத்தி சொன்னது சரி. கண்ணுக்கு எழுத்து தெரியாது. ஆயா சொன்னதும் சரி. எழுத்து உள்ளேதான் இருக்கிறது!

இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தத் தகட்டின் பெயர், பிளாப்பி.

அதைப் பேச வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால், இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும்.

உறைக்குள் ஒரு வட்டம்

பிளாப்பியின் உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. அது பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் காந்தத் தூள் பூசி இருப்பார்கள். பழைய பாட்டு கேசட்டின் நாடாவும் இதே இனம்தான்.

கம்ப்யூட்டரில் போட்டதும் வட்டத் தகடு சுற்றும். மூன்றரை அங்குல பிளாப்பி, நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். "தலை" என்ற சிறு கருவி அதைத் தொட்டபடியே காந்தப் புள்ளிகளைப் படிக்கும்.

அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1971-ம் ஆண்டு முதல் பிளாப்பியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது 8 அங்குலம். பிறகு ஐந்தேகால் அங்குலம் வந்தது. அதற்குப் பிறகு மூன்றரை அங்குலம் வந்தது.

மூன்றரை அங்குல பிளாப்பியில் 14 லட்சத்து 74 ஆயிரத்து 560 குறிகள் அடங்கும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல படம்கூட அதில் அடங்காது. ஆனால், எழுத்து என்றால் ஒரு பெரிய நாவலே அடங்கிவிடும்!

விழுப்புரம் பிறந்த காலம்

1993-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, தென்னாற்காட்டில் இருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அது பிளாப்பியின் காலம்.

கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டரில் அடிக்கப்பட்டன. அடித்ததை பிளாப்பியில் ஏற்றி அச்சகத்துக்குக் கொண்டு போவார்கள்.

அச்சில் வந்தது தப்பித்தது. யாராவது ஒருவர் வீட்டில் ஒரு பிரதி இருக்கும்.

அச்சுக்குப் போகாதது? ஊர் ஏரியின் கதை, குலதெய்வக் கோவிலின் வரலாறு, பங்காளிகளின் பெயர் வரிசை... இவை பிளாப்பியில் மட்டும் இருந்தால், பிளாப்பி போனால் அவையும் போய்விடும்.

பூஞ்சைதான் எதிரி

காந்தம் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மங்கும். அதைவிடப் பெரிய எதிரி, பூஞ்சை! மழைக்கால ஈரத்தில் வட்டத் தகட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் படரும்.

அப்படிப்பட்ட பிளாப்பியைக் கருவியில் போட்டால் என்ன ஆகும்? தலை அழுக்காகும். தகடு கீறிப்போகும். அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியும் கெடும்.

படிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஜப்பானின் சோனி கம்பெனி 2011-ம் ஆண்டோடு பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. அரசு மனுக்களை பிளாப்பியில் தரவேண்டும் என்ற பழைய விதிகளை, ஜப்பான் அரசே 2024-ம் ஆண்டு எடுத்துவிட்டது.

முதல் பூட்டு

முதலில் பிளாப்பியின் மேல் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அதில் உள்ள பெயரும் தேதியும் பிறகு உதவும்.

மூன்றரை அங்குல பிளாப்பியின் மூலையில் ஒரு சின்னத் தள்ளுகட்டை இருக்கும். அதைத் தள்ளி, துளை தெரியும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுத முடியாது. அழிக்கவும் முடியாது.

அடுத்து, உலோக மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். வட்டத் தகட்டை விரலால் தொடக் கூடாது. பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால், யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவில் போடலாம். இந்தக் கருவியை இன்றைய கம்ப்யூட்டரிலும் செருகலாம்.

"இதை பார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். "வேண்டாம்" என்று சொல்லுங்கள்! "சரி" என்றால் உள்ளே இருப்பது போய்விடும்.

பிளாப்பி முழுவதையும் அச்சு அசலாக ஒரே நகலாக எடுக்க வேண்டும். இதை "இமேஜ்" என்பார்கள். பிறகு நகலை வைத்தே வேலை செய்யலாம். பிளாப்பிக்கு ஓய்வு!

ஐந்தேகால் அங்குல பிளாப்பிக்குப் பழைய டிரைவ் வேண்டும். அதோடு "கிரீஸ்வீசல்" போன்ற ஒரு சிறு பலகையும் வேண்டும். அது காந்தத் துடிப்பை அப்படியே பதிவு செய்யும்.

இன்னொரு நல்ல செய்தி! "அழித்துவிட்டேன்" என்று நினைத்த கோப்பும் சில நேரம் கிடைக்கும். டாஸ், விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பிளாப்பியில் ஒரு கோப்பை அழிக்கும்போது, அதன் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு, "இந்த இடம் காலி" என்று குறித்து வைக்கும். அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதாதவரை, பழைய எழுத்து அங்கேயே இருக்கும்.

இரண்டாவது பூட்டு

நகல் கிடைத்தது. கோப்பும் திறந்தது. ஆனால், திரையில் தமிழே இல்லை! ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் கலந்து கிடக்கின்றன.

கெட்டுப்போனது என்று தூக்கி எறியாதீர்கள். அது தமிழ்தான்!

அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தார்கள். "பாமினி" என்ற எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால், கம்ப்யூட்டரின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் "அம்மா" தெரியாது. அந்த ஐந்து குறிகளே தெரியும்.

ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. 1999-ம் ஆண்டு சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் பிறகு தமிழக அரசு "டாம்", "டாப்" என்ற பொது முறைகளை அறிவித்தது. 2010-ம் ஆண்டு, உலகப் பொது முறையான யூனிகோடை ஏற்றது. இன்று உங்கள் செல்போனில் தமிழ் தெரிவது யூனிகோடால்தான்.

ஆகவே, தாத்தாவின் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால், "என்.எச்.எம். கன்வர்ட்டர்" போன்ற மாற்றிகள் அதை யூனிகோடு தமிழாக்கித் தரும்.

கல்லுக்கும் இதே கதை

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கட்டிய கோவில் என்ற செய்தியை அது சொல்கிறது.

சுமார் 1,400 ஆண்டுகள் ஆகியும் எழுத்து நிற்கிறது. ஆனால், உங்களாலும் என்னாலும் படிக்க முடியாது. மொழி வடமொழி. எழுத்து கிரந்தம். எழுத்து தெரிந்த அறிஞர்கள் படித்துச் சொன்னதால்தான் நமக்குச் செய்தி கிடைத்தது.

கல்லுக்கு முதல் பூட்டு இல்லை. இரண்டாவது பூட்டு உண்டு. பிளாப்பிக்கு இரண்டும் உண்டு!

மீண்டு வந்தவை

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல், 1985-ம் ஆண்டில் "அமிகா" கம்ப்யூட்டரில் சில படங்கள் வரைந்தார். 1987-ம் ஆண்டு இறந்துபோனார். படங்கள் பிளாப்பியில் கிடந்தன. கார்னெகி மெலான் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சங்கத்தினர் அவற்றை மீட்டார்கள். 2014-ம் ஆண்டு உலகம் பார்த்தது. கோப்பின் முறை யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதையும் அவர்களே ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்.

"பிரின்ஸ் ஆப் பெர்சியா" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு 1989-ம் ஆண்டு வந்தது. அதை எழுதிய ஜோர்டான் மெக்னர், மூலக்குறிப்பு தொலைந்தது என்று நினைத்திருந்தார். 2012-ம் ஆண்டு அவருடைய தந்தைதான் வீட்டில் அந்த பிளாப்பிகளைக் கண்டெடுத்தார்!

நம் தமிழிலும் ஒரு பாடம் உண்டு. "மதுரைத் திட்டம்" 1998-ம் ஆண்டு பொங்கலில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அதற்குத் தலைமை ஏற்றார். தன்னார்வத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதலில் "மயிலை" எழுத்துரு. பிறகு "டிஸ்கி". பிறகு யூனிகோடு. காலத்துக்குக் காலம் மாற்றி எழுதியதால் அவை பிழைத்தன.

ஓலைச் சுவடியை நம் முன்னோர் என்ன செய்தார்கள்? பழைய ஏடு செல்லரிக்கும் முன்பே, புது ஏட்டில் படி எடுத்தார்கள். அதேதான் இதுவும்!

ஆயா கேட்கட்டும்

ஆகவே, பிளாப்பியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் காந்தம் இருக்கிறது.

இந்த ஆண்டே நகல் எடுத்துவிடுங்கள். ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். முக்கியமானதைத் தாளிலும் அச்சடித்து வையுங்கள்.

தாத்தா எழுதியதைப் பேத்தி உரக்கப் படிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஆயா கேட்கட்டும்.

நடுவில் ஒரு பெயர் தப்பாக இருந்தால், அதைத் திருத்தச் சொல்ல இன்று ஆயா இருக்கிறார்!