மூளை நேட்ரியூரெடிக் பெப்டைடும் இதயத் துடிப்பும்

மூளை நேட்ரியூரெடிக் பெப்டைடு, சுருக்கமாக பி.என்.பி, 32 அமினோ அமிலங்களால் ஆன ஓர் இயக்குநீர் ஆகும். சோடியத்தையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றுவதும், இரத்த நாளங்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பதும் இதன் முதன்மைப் பணிகள். 1988-இல் சுடோ, கங்காவா, மட்சுவோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்ததால் 'மூளை' என்ற அடைமொழி சேர்ந்தது. மனித இரத்தத்தில் உள்ள பி.என்.பி பெரும்பாலும் இதயத்தின் கீழறைகளில் சுரப்பது என்பது பின்னர் தெரியவந்தது. 'பி-வகை' என்ற மாற்றுப்பெயர் வந்தும் பழைய பெயர் மறையவில்லை. ஆகவே, மூளை இதைச் சுரந்து அனுப்பி இதயத் துடிப்பை ஆட்டுவிக்கிறது என்று கருதுவது பெயரால் விளைந்த மயக்கம். மூளை துடிப்பைக் கட்டுப்படுத்துவது வேகசு நரம்பு, பரிவு நரம்புகள் ஆகியவற்றின் வழியாகவே.

ஆனால், துடிப்புக் கோளாறும் பி.என்.பி உயர்வும் பல வேளைகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு, இதயச் செயலிழப்பு இல்லாவிட்டாலும் இந்த அளவு கூடியிருக்கலாம். இதயத் தசைச் சுவர் இழுபடும்போது பி.என்.பி மரபணு தூண்டப்படுகிறது. அதனால் உருவாகும் 108 அமினோ அமில முன்னோடிப் புரதம், 32 அமினோ அமிலம் கொண்ட பி.என்.பி ஆகவும், 76 கொண்ட என்.டி-புரோ-பி.என்.பி ஆகவும் வெட்டப்படுகிறது. மின்னதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கியபின் அளவு குறைவது காணப்படுகிறது. எனவே இங்கு உயர்வைக் காரணமாக அல்ல, விளைவாகக் கொள்வதே பொருத்தம். மூச்சுத்திணறலுடன் வருவோரிடம் இதயச் செயலிழப்பை ஐயுற 100 பிகோகிராம்/மி.லி. என்ற எல்லை பயன்படுகிறது. மேலறை நடுக்கம் உள்ளவரிடம் அந்த எண்ணை மட்டும் நம்பினால் தவறான முடிவுக்கு வர நேரும். முதுமையும் சிறுநீரகக் குறைபாடும் அளவை உயர்த்தும், உடற்பருமன் குறைக்கும்.

நேரடி விளைவு அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எலியின் சைனோ-ஏட்ரியல் கணுச் செல்களில் பி.என்.பி கால்சியம் மின்னோட்டத்தைக் கூட்டித் துடிப்பை விரைவாக்குவது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. தனித்த செல்லில் காண்பது முழு உடலில் அப்படியே நிகழும் என்பதில்லை. இரத்த அழுத்தம் இறங்கினாலே நரம்பு மறிவினையால் துடிப்பு கூடிவிடும். இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மனிதரிடம் கிடைத்த சான்று பெரும்பாலும் மருந்திலிருந்து வந்தது. செயற்கையாகத் தயாரித்த பி.என்.பி-யான நெசிரிடைடு அமெரிக்காவில் 2001-இல் ஒப்புதல் பெற்றது. டோபுடமினுடன் ஒப்பிட்டபோது, டோபுடமின் கீழறை மிகைத்துடிப்புகளை அதிகரித்தது. நெசிரிடைடு அவ்வாறு செய்யவில்லை. 2011-இல் வெளியான, 7,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வில் இம்மருந்து இறப்பைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. தாழ் இரத்த அழுத்தமே குறிப்பிடத்தக்க பக்கவிளைவாக இருந்தது.

இதன் உறவுப் பெப்டைடான ஏ.என்.பி-யின் கதை சற்று வேறு. பரம்பரையாக மேலறை நடுக்கம் வரும் ஒரு குடும்பத்தில், ஏ.என்.பி 12 அமினோ அமிலங்கள் நீண்டு உருவாகும் மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. இக்குடும்பப் பெப்டைடுகள் துடிப்பைத் தொடக்கூடும் என்பதற்கு இதுவே வலுவான மனிதச் சான்று.

சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, பி.என்.பி-யைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதி தடுக்கப்படுவதால், நோய் தணிந்தாலும் பி.என்.பி அளவு உயரக்கூடும். என்.டி-புரோ-பி.என்.பி-யை அந்நொதி சிதைப்பதில்லை. ஆதலால் இவர்களுக்கு அந்தப் பரிசோதனையே செய்யப்படுகிறது.