ரிமோட் நிறுத்துவது விசிறியை மட்டுமே

கண்டி குளிரான ஊர் என்று வெளியூரார் சொல்வார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே ஒரு பகலைக் கழித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கட்டுகஸ்தோட்டை முதல் பேராதனை வரை மின்விசிறி இல்லாத வீடு குறைவு. இப்போது பலரும் விரும்புவது ரிமோட்டில் இயங்கும் விசிறியை. பழையதைக் கழற்றிய இடத்தில் அதை அப்படியே மாட்டிவிடலாமா?

முடியாது. பழைய விசிறிக்குச் சுவரில் ஓர் ஆளியும் வேகத்தை மாற்றும் ரெகுலேற்றரும் இருக்கும். ரெகுலேற்றர் விசிறிக்குச் செல்லும் வோல்ற்றளவைக் குறைத்து வேகத்தைக் குறைக்கிறது. ரிமோட் விசிறியில் அந்த வேலையை அதனுள்ளே இருக்கும் இலத்திரனியல் சுற்றே செய்கிறது. அதற்கு எப்போதும் முழு 230 வோல்ற்று கிடைக்க வேண்டும். இடையில் ரெகுலேற்றரும் இருந்தால் விசிறி இரையும். சுற்று சூடேறிப் பழுதடையலாம். ஆகவே ரெகுலேற்றரை அகற்றி, அதன் வழியே சென்ற கம்பியை நேரடியாக இணைக்க வேண்டும்.

ஆனால் ஆளியை அகற்றக்கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த வயரிங் பாஸ், "ரிமோட் இருக்கும்போது சுவிட்ச் எதற்கு?" என்று அதையும் கழற்றப் பார்த்தார். உம்மா விடவில்லை. உம்மா செய்ததே சரி. ரிமோட்டில் நிறுத்தினால் விசிறி நிற்கும்; மின்சாரம் நிற்காது. அடுத்த கட்டளைக்காக உள்ளே உள்ள சுற்று காத்துக்கொண்டிருக்கும். மின்வெட்டு முடிந்ததும் தானாகவே சுழலத் தொடங்கும் விசிறிகளும் உண்டு.

அந்த ஆளி உயிர்க்கம்பியில் இருக்க வேண்டும். நொதுமல் கம்பியில் இருந்தால், ஆளியை அணைத்தாலும் விசிறியின் இணைப்புகளில் மின் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. பழைய வீடுகளில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு. புதிய வீடுகளில் கபிலம், நீலம். இடையில் யாராவது மாற்றி இணைத்திருக்கவும் கூடும். எனவே டெஸ்டரை முதலில் மின் உள்ள ஓரிடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பின்பே கம்பிகளைச் சோதிக்க வேண்டும். சோதித்தபின் மெயின் சுவிட்சை அணைத்து, மின் இல்லை என்பதை மீண்டும் உறுதிசெய்த பிறகே கம்பியில் கைவைக்கலாம்.

கம்பிகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் கனெக்டரில் இறுக்க வேண்டும். பச்சை மஞ்சள் புவிக்கம்பியை வெட்டி ஒதுக்காமல், விசிறியில் அதற்குரிய இடத்தில் இணைக்க வேண்டும். கொக்கி கொங்கிரீட்டிலோ உத்திரத்திலோ பதிந்திருக்க வேண்டும். சீலிங் பலகை விசிறியின் பாரத்தைத் தாங்காது.

வீட்டின் ட்ரிப் சுவிட்ச், உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டத்தையும் நொதுமலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வழியில் 30 மில்லியம்பியர் அளவு கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும் வகையை வீடுகளுக்குப் பயன்படுத்துவார்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் ஒருவர் இரு கம்பிகளையும் ஒன்றாகத் தொட்டால் அது காப்பாற்றாமல் போகலாம்.

இந்த வேலையை என்.வி.கியூ. சான்றிதழ் பெற்ற மின்னியலாளரிடமே கொடுக்க வேண்டும். ஆனால் வாப்பாமார் கடையிலோ வெளிநாட்டிலோ இருக்க, அவர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் உம்மாமாரும் நாமும்தான். ரெகுலேற்றரை எடுத்தாரா, ஆளி எந்தக் கம்பியில் இருக்கிறது, புவிக்கம்பியை இணைத்தாரா என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெருநாளுக்கு முன் ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியால் விசிறித் தட்டுகளைத் துடைப்பவர்களும் நாம்தானே. அப்போது ரிமோட்டை நம்பாதீர்கள். சுவரில் உள்ள ஆளியை அணைத்துவிட்டு ஏறுங்கள்.